உப்புக்காற்றும் பழைய காரின் பிளக் ஒயரும்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதை. காலை ஆறு மணிக்கு செல்ஃப் அடித்தால் வண்டி எடுக்கும். ஆனால் தொண்டையில் மீன்முள் சிக்கியவர் மாதிரி இருமிக்கொண்டே நிற்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் உலுக்கும். வெயில் ஏறி பத்து மணி ஆனதும் அதே வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்துகிற நேரத்தில் கோளாறு இருக்காது. "நல்லாத்தானே ஓடுது?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

என்னுடைய 1998 மாருதி 800, கார்பரேட்டர் வண்டி, ஒரு வாடைக்காலம் முழுக்க எனக்கு இந்த வேடிக்கை காட்டியது. பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி விடும் ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன். ஒன்றும் சரியாகவில்லை. ஒருநாள் பானெட்டைத் திறந்து பார்த்தபோது அந்த பிளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயர்கள் கறுப்பு எண்ணெயும் மணலும் கலந்து பிசுபிசுவென்று இருந்தன. சரி, இதுதான் காரணம் என்று பெட்ரோலில் துணியை நனைத்துப் பளபளவென்று துடைத்து மாட்டினேன். மறுநாள் விடிகாலை பாம்பன் பாலம் ஏறும்போது முன்னைவிட மோசமாக மிஸ் அடித்தது. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கடல், பின்னால் ஹாரன் அடிக்கும் சுற்றுலா வேன்.

கீழக்கரையில் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அவர் ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை. ஒரு ஒயரின் மேல் விரலை இழுத்து என் பக்கம் நீட்டினார். "நாக்குல வச்சுப் பாருங்க தம்பி." வைத்தேன். கரித்தது. "பெட்ரோலு எண்ணெயத்தான் எடுக்கும். உப்ப எடுக்குமா?"

(நீங்கள் நாக்கில் வைக்க வேண்டாம். நம்பினால் போதும்.)

உள்நாட்டு ஊர்களில் பிளக் ஒயர் அழுக்கு என்றால் எண்ணெயும் தூசியும். நம் ஊரில் மூன்றாவதாக உப்பும் உண்டு, பெரும்பாலும் அதுதான் வில்லன். பேட்டரி மின்சாரத்தின் அழுத்தத்தை ஏற்றிவிடும் பாகம்தான் காயில். அதிலிருந்து பிளக்குக்குப் போகும் மின்சாரம் வீட்டு 230 வோல்ட் மாதிரி இல்லை. பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டும். அத்தனை அழுத்தத்தில் வருவது எளிதான வழி கிடைத்தால் அந்தப் பக்கம் ஓடிவிடும். ஒயர் மேல் படிந்த உப்பு உலர்ந்திருக்கும்வரை பெரிய தொல்லை கிடையாது. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பே ஈரத்தை உறிஞ்சிக் கரைய ஆரம்பித்துவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசகசக்கும். வீட்டு உப்புச்சாடி மழைக்காலத்தில் நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். அந்த உப்புநீர்ப் படலம் வழியாக மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் எஞ்சின் உடம்புக்கு இறங்கிவிடுகிறது. வெயில் ஏறி, எஞ்சின் சூடேறி, படலம் காய்ந்ததும் வண்டி நல்ல பிள்ளையாகிவிடும். மெக்கானிக் முன்னால் கோளாறு ஒளிந்துகொள்வதன் ரகசியம் இதுதான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. நம் காற்றின் பெருமை அப்படி.

ஆகவே இங்கே பிளக் ஒயரைச் சுத்தம் செய்வது இரண்டு வேலை: எண்ணெயை எடுப்பது, உப்பை எடுப்பது. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இது பிளக் ஒயர் உள்ள வண்டிகளுக்கான குறிப்பு: மாருதி 800, ஆம்னி, பிரீமியர் பத்மினி, பெட்ரோல் அம்பாசடர் போன்றவை. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் உட்கார்ந்திருக்கும் புது வண்டிகளிலும் இந்த ஒயர் இருக்காது.

எடுத்து வைக்க வேண்டியவை

பழைய பனியன் துணி நாலைந்து, ஒரு பழைய டூத்பிரஷ், பெயிண்ட் அடிக்கும் சின்ன பிரஷ், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மாஸ்கிங் டேப், பேனா, நைசான உப்புத்தாள் ஒரு துண்டு, பேட்டரி டெர்மினல் கழற்ற 10-ஆம் நம்பர் ஸ்பேனர். செல்போன் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் கிடைத்தால் நல்லது. சிலிக்கான் கிரீஸ் ஒரு சின்னக் குழாய். மல்டிமீட்டர் இருந்தால் கடைசியில் உதவும், இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

இந்தப் பட்டியலில் முக்கியமானது தண்ணீர். சிரிக்காதீர்கள். கடற்கரை ஓரத்தில் எத்தனை வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று நமக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒயரைத் துடைத்தால், போன உப்புக்குப் பதிலாக புது உப்பைப் பூசி அனுப்புகிறீர்கள். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் பரவாயில்லை. கேன் தண்ணீர் நல்லது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எல்லாவற்றையும்விட நல்லது. ஒரு டம்ளர் போதும்.

பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், தின்னர், இவை எதுவும் வேண்டாம். ரப்பரை ஊத வைக்கும், நாளடைவில் வெடிக்க வைக்கும். மிச்சமிருக்கும் ஆவியில் ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பொறி உண்டாக்குவதற்கென்றே இருக்கிற பாகத்தைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறோம். நான் செய்த முட்டாள்தனத்துக்கு வண்டி இருமலோடு விட்டது என் அதிர்ஷ்டம். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும் என்பதால் மழையில் வண்டி நின்றுபோன அவசரத்துக்கு உதவும். ஆனால் அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தில் மணல் நன்றாக ஒட்டும். வழக்கமான துடைப்புக்கு அது ஆகாது.

எஞ்சின் ஆறட்டும்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் வேலை செய்வது உத்தமம். ஓட்டி வந்த வண்டி என்றால் கை வைத்துப் பார்க்கும் அளவுக்குச் சூடு இறங்கும்வரை காத்திருங்கள். சூட்டில் ரப்பர் பிளக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் கிழியும். சைலன்சர் மேனிஃபோல்டில் கை பட்டால் தோல் போய்விடும்.

சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போடுங்கள். வண்டியிலேயே தொங்கவிட்டால் வீட்டில் யாராவது ஒரு நல்ல எண்ணத்தில் செல்ஃப் அடித்துப் பார்ப்பார்கள். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயரைத் தொடவே கூடாது. ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். கையில் வாங்கும் அடி ஒரு பக்கம், காயிலும் கெட்டுப்போகும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடும் எஞ்சினின் இந்தப் பகுதிக்குக் குனியவே வேண்டாம்.

நம்பர் போடுங்கள்

போனில் இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு ஒயரிலும் மாஸ்கிங் டேப் சுற்றி 1, 2, 3 என்று எழுதுங்கள். காயில் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் அந்த ஒயர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலும் அதே எண். மாருதி 800-க்கு மூன்று பிளக் ஒயர், நடுவில் காயிலிலிருந்து வரும் ஒயர் ஒன்று. அம்பாசடர், பத்மினி என்றால் நாலும் ஒன்றும். நெருப்பு வரிசை, அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, மூன்று சிலிண்டர் மாருதிக்கு 1-3-2. அந்த நாலு சிலிண்டர் வண்டிகளுக்கு 1-3-4-2. இது மனப்பாடமாக இருந்தாலும் எழுதி வையுங்கள். இரண்டு ஒயர் இடம் மாறினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது கார்பரேட்டர் வழியாகப் பட்டாசு வெடிக்கும்.

முதல் முறை செய்பவர்கள் ஒரு நேரத்தில் ஒரு ஒயரை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்து, மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. நேரம் கூடத்தான் ஆகும், ஆனால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

கழற்றும் முன் மணலைத் தட்டுங்கள்

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பானெட்டுக்குள் பொடிமணல் எங்கெல்லாம் போய் உட்காரும் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒயர் முனையில் பிளக்கை மூடியிருக்கும் ரப்பர் கேப்பைச் சுற்றி ஒரு வளையமாக நிற்கும். உலர்ந்த பெயிண்ட் பிரஷால் முதலில் அதைத் தட்டிவிட்டு, பிறகு கேப்பை எடுங்கள். ஈரத்துணி போட்டுத் தொடங்கினால் மணல் சேறாகிவிடும், தேய்க்கத் தேய்க்க ரப்பரைக் கீறும். இந்த வேலைக்குப் பிளக்கைக் கழற்றவே வேண்டியதில்லை. பிளக்கை எடுத்துவிட்டு அந்த ஓட்டை வழியாக மணல் சிலிண்டருக்குள் விழுந்தால் அது வேறு கதை, வேறு செலவு.

கேப்பைக் கழற்றுவதில்தான் புதியவர்கள் தப்புச் செய்கிறார்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒயருக்குள் இருப்பது பெரும்பாலும் கார்பன் ஏற்றிய நார். இழுத்தால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அறுந்துவிடும். ரப்பர் கேப்பை முழுக் கையால் பற்றி, திருகாணி கழற்றுகிற மாதிரி இடமும் வலமும் கால் சுற்று திருப்புங்கள். பிடி விட்டுக்கொடுப்பது கைக்குத் தெரியும். அப்புறம் நேராக வெளியே இழுங்கள். வரவில்லை என்றால் மறுபடி திருப்புங்கள். ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்ப வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனையும் இப்படியே.

முதலில் எண்ணெய், பிறகு உப்பு

ஒயரை ஒரு பழைய செய்தித்தாள் மேல் நீட்டிப் போட்டு, உலர்ந்த துணியால் ஒரு தடவை உருவுங்கள். வருகிற அழுக்கில் பாதி இதிலேயே வந்துவிடும். அடுத்து, டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். சொட்டச் சொட்ட வேண்டாம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, விரல்களுக்கு நடுவே ஒயரைப் பிடித்து உருவ வேண்டும். பிசுக்கு விடாத இடத்தில் மட்டும் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். அதுவும் தீப்பிடிக்கும் பொருள்தான், பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

எண்ணெய் போனதும் ஒயர் சுத்தமாகத்தான் தெரியும். இங்கே நிறுத்திவிடாதீர்கள். புதுத் துணி ஒன்றை வெறும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து இரண்டு முறை உருவுங்கள், ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பக்கத்தால். உப்பைக் கரைத்து எடுப்பது இந்தத் துடைப்புதான். சோப்பும் இதில்தான் போகும். நான் பெட்ரோலோடு நிறுத்தியதால் எண்ணெய் போய் உப்பு மட்டும் அம்மணமாக நின்றது, காற்றிலிருந்த ஈரம் நேராக அதன் மேல் இறங்கியது.

ஒயரைத் தண்ணீரில் முக்கிப் போடவோ, எஞ்சின் மேல் ஹோஸ் பைப்பைத் திருப்பவோ கூடாது. சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீரும் கேப்புகளுக்குள் புகுந்து நாள்கணக்கில் தங்கிவிடும்.

கேப்பின் உள்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பித்தளை முனையில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும்; நம் பக்கத்தில் பிடிக்காத வண்டியே நான் பார்த்ததில்லை. டூத்பிரஷால் தேய்த்து, விடாத இடத்தில் உப்புத்தாளைச் சுருட்டி மெதுவாகச் சுரண்டுங்கள். உப்பை எடுக்க உப்புத்தாள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒயர் உட்காரும் குழிகளிலும் இதே களிம்பு இருக்கும். பொடி முழுவதையும் தட்டிவிட்டு ஆல்கஹால் துணியால் துடையுங்கள். நடு ஒயரை, அதாவது காயில் ஒயரை, பலர் மறந்துவிடுகிறார்கள். பிளக் ஒயர் ஒன்று கெட்டால் ஒரு சிலிண்டர்தான் போகும், இது கெட்டால் வண்டியே நிற்கும். காயிலின் தலையையும் சேர்த்துத் துடைத்துவிடுங்கள்.

மூடியைக் கழற்றியிருந்தால் உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பென்சிலால் கிறுக்கின மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் அது கரண்ட் போன பாதை. துடைத்தால் போகாது. மூடியை மாற்றத்தான் வேண்டும்.

காய்தல்

எல்லாவற்றையும் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் போடுங்கள். முற்றத்தில் கடல்காற்று பட மீன்வலை மாதிரி காயப் போட்டால் செய்த வேலையெல்லாம் வீண்.

காய்கிற நேரத்தில் ஒயரைச் சோதித்துவிடலாம். விரலில் வளைத்துக்கொண்டே போனால் மேல்தோலில் முடி போன்ற வெடிப்புகள் வாய் திறக்கும். வெள்ளையாகப் பூத்த தடம், கருகிய புள்ளி, மேனிஃபோல்டில் பட்டு உருகிய இடம், எலி கடித்த இடம் எதுவாக இருந்தாலும் அந்த ஒயர் போய்விட்டது. எலி விஷயம் விளையாட்டில்லை. ஆம்னியில் மீன் பெட்டி ஏற்றுபவர்களுக்கு இரட்டைத் தொல்லை: எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் ஐஸ் உருகிய உப்புநீர் அந்தப் பக்கம் ஒழுகும், அந்த வாடைக்கு எலியும் வரும். பெட்டிக்கு அடியில் ஒரு தார்ப்பாயும் தட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் ஓம் அளவில் வைத்து இரண்டு முனையையும் தொடுங்கள். கார்பன் ஒயரில் பொதுவாக ஒரு மீட்டர் நீளத்துக்குப் பத்து இருபது கிலோ ஓம் வரும். நம் ஒயர்கள் அதைவிடக் குட்டை, அதற்கேற்பக் குறையும். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினாலோ, மீட்டரில் எண்ணே வராமல் நின்றாலோ, வளைக்கும்போது எண் குதித்தாலோ உள்ளே அறுந்திருக்கிறது. பழைய அம்பாசடரில் செம்புக் கம்பி ஒயர் போட்டிருந்தால் கிட்டத்தட்ட சுழிதான் காட்டும், பயப்பட வேண்டாம். மாற்றும்போது செட்டாக மாற்றுங்கள்.

மாட்டுதல்

கேப்பின் உள்விளிம்பில் சிலிக்கான் கிரீஸை ஒரு உளுந்து அளவு தடவுங்கள். ஈரம் உள்ளே போகாது, அடுத்த முறை கழற்றவும் சுலபம். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம், அது பெட்ரோலுக்கு உறவுக்காரன், ரப்பரைத் தின்னும். கேப்பை நேராக அழுத்தினால் டக் என்று ஒரு சத்தம் கேட்கும், அல்லது கைக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம்.

ஒயர்களை அதனதன் கிளிப்பில் மாட்டுங்கள். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டோ, மேனிஃபோல்டைத் தொட்டுக்கொண்டோ போகக் கூடாது. ஆல்கஹால் வாடை முழுக்கப் போன பிறகு பேட்டரி டெர்மினலை மாட்டி, ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி ஒரே தாளத்தில் நிற்க வேண்டும். பட்டாசு வெடித்தால் உடனே நிறுத்திவிட்டுப் போனில் எடுத்த படத்தைப் பாருங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் அன்று இரவு, ஈரக்காற்று இறங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டுப் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓட விடுங்கள். வேட்டி, துப்பட்டா, தொங்கும் துண்டு எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல், ஒரு கை தூரம் தள்ளி நின்று பார்த்தால் போதும். கசியும் இடத்தில் மின்மினி மாதிரி நீலப் பொறி ஓடும். என் வண்டியில் பெட்ரோல் போட்டுத் துடைத்த இரண்டாம் நம்பர் ஒயர் கேப்பின் கழுத்தில் அப்படித்தான் ஓடியது. ரப்பர் அங்கே வெடித்திருந்தது. மூன்றையும் மாற்றினேன்.

ஒரு மாதத்துக்குள் மறுபடியும் எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் ஒயரைக் குற்றம் சொல்லாதீர்கள். எஞ்சின் தலையை மூடியிருக்கும் டேப்பட் கவரின் பேக்கிங் கசிகிறதா என்று பாருங்கள். அதை மாற்றாமல் ஒயரைத் துடைத்துக்கொண்டிருந்தால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? ராமநாதபுரம் டவுனுக்குள் ஓடும் வண்டிக்கு வருடத்துக்கு இரண்டு முறை போதும். கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு, வாலிநோக்கம் உப்பளப் பக்கம் தினமும் போகிற வண்டிக்கு, ஐப்பசி முதல் தை வரை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் ஒரு உருவு. அதற்குக் கேப்பைக் கழற்றக்கூட வேண்டாம், எஞ்சின் ஆறியிருந்தால் போதும். விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு அரிச்சல்முனை வரை போய் அலைச்சாரலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தால், அந்த மாதக் கணக்கைப் பார்க்காமல் மறுநாளே செய்துவிடுங்கள்.

புது செட் வாங்கிப் போட்டவர்கள் பழையதில் நல்ல நிலையில் இருக்கும் மிக நீளமான ஒயரைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி டிக்கியில் போட்டு வையுங்கள். எந்த சிலிண்டர் ஒயர் வழியில் கைவிட்டாலும் நீளமானது எட்டும்.